தளபதிக்குப் பக்கத்தில் ஓர் இடம்

நாட்டிங்ஹாமில் அன்றும் மழைதான். தேவாலயக் கூடத்தில் ஞாயிறு மதியம் கூடும், பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டு மன்றத்தில் மிச்சமிருந்தது ஒரே மேசை. அதன் மேல் ஒரே நேரத்தில் இரண்டு பெட்டிகள் வந்து இறங்கின.

"இது என் மேசை," என்றான் டெஸ்மண்ட்.

"பேர் எழுதியிருக்கா?"

நிமிர்ந்தான். நனைந்த இமைகள்... அடியில் சாம்பல் நிறக் கண்கள். தபால்காரன் அவன், தினமும் நூறு கதவு தட்டுகிறவன். இந்தக் கண்கள் எந்தக் கதவுக்குப் பின்னாலும் இருந்ததில்லை.

ஹெஸ்டர் ஊருக்குப் புதிது. அவள் பெட்டியில் மன்னரின் ஈயச் சிப்பாய்கள். அவன் பெட்டியில் பாராளுமன்றப் படை. இங்கிலாந்தின் பழைய உள்நாட்டுப் போரில் மோதிய இரண்டு படைகள்; சொல்லிவைத்த மாதிரிப் பொருத்தம். ஆனால் எந்த விதிப்புத்தகப்படி ஆடுவது? அங்கேதான் முட்டிக்கொண்டது.

அவன் சிப்பாய்கள் ஆளுக்கொரு பென்னிக் காசில் தனித்தனியாக ஒட்டப்பட்டவர்கள். செத்தால் ஒவ்வொருவனாக எடுக்க வேண்டும். அவளுடையவர்கள் நான்கு நான்காக அட்டையில் நிற்பவர்கள்; ஓடினாலும் சேர்ந்தே ஓடுவார்கள்.

"ஒவ்வொருத்தனா எண்ணி முடிக்கறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும்."

"உங்க விதியில தளபதிகூடத் தனியா நிக்கக் கூடாதாமே?"

"ஆமா. அதே அட்டையில பக்கத்துல ஒரு ஆள் வேணும். இல்லேன்னா உத்தரவு செல்லாது."

"என் தளபதி பன்னெண்டு வருஷமா தனியாத்தான் நிக்கறார். நல்லாத்தான் இருக்கார்."

"பார்த்தாலே தெரியுது." அவள் பார்த்தது தளபதியை அல்ல.

"ஒட்டினதைப் பேத்து மறுபடி ஒட்டறதா? இந்த மன்றத்துல யாரும் செய்ய மாட்டாங்க."

"சரி. மூணு ஞாயிறு பார்ப்பேன். என் விதிப்படி என்கூட ஆட ஆள் வரலேன்னா பக்கத்து ஊர் டார்பி மன்றத்துக்குப் போயிடுவேன்."

அடுத்த ஞாயிறு அவள் தேநீருடன் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவன் வேறு மேசையில் கவனமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தான். போய்ப் பேசேன்டா... கால் எழவில்லை. வறட்டுக் கௌரவம். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

மூன்றாம் ஞாயிறு, அவள் பெட்டியை மூடும் நேரத்தில் ஓடி வந்தான். தலை நனைந்திருந்தது, கட்டை விரலில் கட்டு. பெட்டியைத் திறந்தான். நூற்று அறுபது பேர், நான்கு நான்காக, புது அட்டையில். பக்கத்து மேசைக்காரரின் பிஸ்கட் தேநீரில் கரைந்து விழுந்தது, அவர் கவனிக்கவில்லை.

"விரல்ல என்ன?"

"பேக்கும்போது கத்தி வழுக்கிடுச்சு."

"லூசு," என்றாள் மெதுவாக. பிறகு தளபதியின் அட்டையைப் பார்த்தாள். அவர் ஓரமாக நின்றார். பக்கத்தில் மணலும் புல்லும் ஒட்டி, ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தான்.

"ஆள் இல்லையே. உத்தரவு செல்லாது."

"உத்தரவெல்லாம் இல்ல... கேக்கத்தான் வந்தேன்." காது சிவந்தது. "நான் பொம்மையைப் பத்திப் பேசல, ஹெஸ்டர். டார்பிக்குப் போகாதே. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு."

அவள் தன் பெட்டியைக் கிளறினாள். மன்னரின் கொடி பிடித்த, இன்னும் அட்டையில் ஒட்டாத சிப்பாய் ஒருவனை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

"எதிரிப் படை ஆள்," என்றாள். "பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு..." சாம்பல் கண்கள் நிமிர்ந்தன. "பசை கொண்டு வந்திருக்கியா?"