நாலு மாத வெயில்

மரபணுவைத் திருத்தும் இழைநிகரிக்குத் தன் முதுகுத் தோலிலிருந்துதான் மூலப்படி எடுப்பார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, மரகதம் உச்சிவெயிலில் மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு முதுகைத் திறந்துபோட்டுக் குப்புறப் படுக்கத் தொடங்கினாள்.

ஐம்பது வயதுவரை குடையில்லாமல் வாசல் தாண்டாதவள். ஒரே கருவிலிருந்து பிரிந்து அவளோடு பிறந்த பவளமோ, தூத்துக்குடி உப்பளத்தில் காய்ந்தவள். முகமும் குரலும் இருவருக்கும் ஒன்றுதான். ஆனாலும் எந்த வீட்டு விசேஷத்திலும் கூட்டம் பவளத்தைச் சுற்றித்தான் நிற்கும். மரகதத்திடம் மிஞ்சியிருந்த ஒரே வெற்றி அவளுடைய தோல்.

இப்போது பவளத்தின் மூக்கில் ஒரு கரும்புள்ளி, புற்று. அறுந்த மரபிழையை, கூடப் பிறந்தவரின் நல்ல இழையைப் பார்த்து இழைநிகரி திருத்தி எழுதிவிடும். தோலுக்குத் தோல், இரத்தத்துக்கு இரத்தம். புள்ளி மட்டுமா போகும்? முப்பது வருஷ வெயிலும் சேர்ந்து போய்விடும். தான் கட்டிக்காத்ததெல்லாம் ஒரே ஊசியில் அவளுக்கு.

பரிசோதனையன்று மருத்துவர் திரையை இரண்டுமுறை பெரிதாக்கிப் பார்த்தார். மரகதத்தின் தோல் மூலப்படிக்கு ஆகாது என்றார். பிறகு, “இதெல்லாம் வெயில் பழுது. நாலு மாசத்துக்குள்ள வந்தது,” என்றார்.

பவளம் திரும்பினாள். “ஏட்டி, வெயில்ல அப்படி என்னத்தச் செஞ்ச?”

“வத்தல் போட்டேன்.”

பவளம் அவளுடைய கருக்காத கைகளைப் பார்த்தாள்.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். மரகதத்தின் இரத்தத்தில் ஒரு பழுது பல வருஷமாக வளர்கிறது, விட்டால் உயிருக்கே ஆபத்து, அதற்கு நல்ல படி பவளத்திடம் இருக்கிறது. பவளம் சம்மதப் படிவத்தைப் படிக்கவேயில்லை. கட்டைவிரலை வைத்தாள்.

பவளத்தின் மூக்கு நுனியைக் கத்திதான் எடுத்தது. மரகதத்தின் இரத்தம் ஒரு மாதத்தில் தெளிந்தது. கொடுப்பதிலும் பவளமே முந்திக்கொண்டாள் என்ற எரிச்சல் மட்டும் தெளியவில்லை. அதை ஊட்டி வளர்ப்பதும் இப்போது பவளத்தின் இரத்தம்தான்.

ஒருநாள் காலை, மூக்கில் கட்டோடு பவளம் வந்தாள்.

“அந்த வத்தல்ல ரெண்டு கை குடேன். பிள்ளைக கேக்குது.”

வீட்டில் ஒரு வத்தலும் இல்லை. கேலியா என்று மரகதம் அந்த முகத்தில் தேடினாள். தன் முகம்தான் தெரிந்தது.

“இன்னும் காயல.”

“நாலு மாச வெயில்லயா?” என்றாள் பவளம். சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் உப்பளத்து உப்பு.

“வத்தல் கூழுக்கு உப்பு வேணும்லா, வச்சுக்கோ.”