ஆறாம் எண் சட்டை

அறைக் கதவை அகலத் திறந்து வைத்தும் நாய் மெத்தேல்கா கால்களை நீட்டவில்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தாராளமாக இடமிருக்க, நாலு பக்கமும் சுவர் நெருக்குவதைப்போல உடம்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இருபது நாள் குறுகிய பெட்டியில் அடைத்துப் பழக்கியது, போகப் போகச் சரியாகிவிடும் என்று ரிம்மா தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

விண்வெளிக்குப் போகும் நாய்களைப் பராமரிப்பது அவள் வேலை. மாஸ்கோவிலிருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் நாய்களை முகம் பார்த்து அறிந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்குச் சட்டையில் தைத்த எண்தான் நாய். திரும்பி வரவே வழியில்லாத விண்கலத்துக்கு ஆறாம் எண்ணைத் தேர்ந்தெடுத்த அன்று, அவள் மெத்தேல்காவின் சட்டையைக் கழற்றி, அதே வெள்ளை நிறமும் அதே எடையும் கொண்ட வெர்பா என்ற இன்னொரு நாய்க்கு மாட்டிவிட்டாள். வெர்பா வாலை ஆட்டிக்கொண்டே முன்காலை நுழைத்துக் கொடுத்தது. அந்த நினைப்பு இன்னமும் அவள் நெஞ்சை அறுத்தது. வெர்பா ஓடிப்போய்விட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டு, மெத்தேல்காவைக் கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இது ஒன்றாவது பிழைக்கட்டும் என்பதுதான் அவள் வேண்டுதல்.

கலம் இன்று காலை மேலே போயிருந்தது.

மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. பல குடும்பங்களுக்குப் பொதுவான சமையலறையிலிருந்து முட்டைக்கோஸ் வேகும் வாடை நடைவழியெங்கும் பரவியிருக்க, அவள் அறைக்குள் மட்டும் காற்று கனத்து, ஜன்னல் கண்ணாடியில் உறைந்திருந்த பனி உருகிச் சொட்டுச் சொட்டாக வழிந்தது. அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. மெத்தேல்கா நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கத் தொடங்கியது.

பக்கத்து அறை கபிதோலினா எட்டிப் பார்த்தாள். "என்னடி ரிம்மா, சுவரெல்லாம் கொதிக்குது? நாய்க்கு நீராவிக் குளியலா? எங்களுக்கே வாரத்துக்கு ஒரு தடவைதான்! போ, உனக்கு ஃபோன்."

"இதோ வந்துட்டேன்க்கா."

நடைவழியின் கோடியில் தொலைபேசி. ஆய்வுக்கூடத்திலிருந்து க்ளேப், கலத்தின் சமிக்ஞைகளைக் கவனிப்பவன்.

"கலத்துக்குள்ள சூடு நாப்பதைத் தாண்டிடுச்சு ரிம்மா. ஆறாம் எண் பயங்கரமா இளைக்குது."

"வேற ஒண்ணும் செய்ய முடியாதா?"

"என்னத்தச் செய்ய? உங்க செல்லம்னு எனக்குத் தெரியாதா? மனசைத் தேத்திக்கங்க."

"க்ளேப், அது மெத்தேல்கா இல்ல..."

"இருங்க, இருங்க." காகிதம் சரசரத்தது. "நாடி நின்னுடுச்சு."

அறையிலிருந்து நடைவழி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த இளைப்பும் நின்றது.

ஓடினாள். அறை அனலாகக் கொதித்தது. மயிர் கருகிய நாற்றம். தரையில் நாய் இல்லை. குனிந்தாள். கட்டிலுக்கடியில் இல்லை. அலமாரிக்குப் பின்னால் இல்லை.

சுவரில் ஒரு நிழல் நகர்ந்தது.

நிமிர்ந்தாள்.

கூரைக்குக் கீழே மெத்தேல்கா. கால்கள் ஒடுங்கியபடி. கண்கள் திறந்தபடி. மிதந்தது.

நாற்காலியில் ஏறிப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை பொசுங்கியது. அது இறங்கவில்லை. மூச்சில்லை. அவள் கையை விலக்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது.

தொங்கவிட்டு வந்த தொலைபேசியில் க்ளேபின் குரல் சன்னமாகக் கேட்டது. "அழாதீங்க ரிம்மா. கலம் இன்னும் அஞ்சு மாசம் மேலேயே சுத்தும்."

செத்த நாய் விளக்கை ஒரு சுற்றுச் சுற்றி முடித்து, அவள் முகத்துக்கு நேரே வந்து, கடந்து, அடுத்த சுற்றைத் தொடங்கியது.