டீக்கடைக்காரரும் இரும்புச்சத்தும்

மழைக்குப் பயந்து ஓடிவந்தவன், மருத்துவமனை வராந்தாவில் அவள் மேலேயே மோதினான். கையிலிருந்த பிளாஸ்க் மூடி தெறித்து... அவள் வெள்ளைக் கோட்டு முழுக்கத் தேநீர்!

"ஐயோ, சுட்டுடுச்சாங்க?"

"கண்ணை எங்க வச்சிட்டு வர்றீங்க?" என்று நிமிர்ந்தாள். மழைத்துளி தொங்கும் இமைகளுக்குக் கீழே, பதறிப்போன இரண்டு கண்கள்... கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

கர்ப்பிணிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது அவள் வேலை. சற்று நேரத்தில் அதே கண்கள் அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தன. கூடவே, மேடிட்ட வயிற்றோடு ஒரு பெண். பால், முட்டைகூடத் தொடாத சைவக்காரி. பரிசோதனை முடிவில் இரும்புச்சத்து அதலபாதாளத்தில் கிடந்தது.

"அடுத்த மாசமும் ஏறலன்னா கறி சூப் குடிச்சே ஆகணும்னு மாமியார் சொல்லிட்டாங்க. என்னால முடியாதுங்க..." கர்ப்பிணியின் குரல் உடைந்தது.

"நான்தாங்க சமைச்சுப் போடறேன்," என்றான் அவன். "கொண்டைக்கடலை, பருப்பு, கீரை, எள்ளு... பி12 மாத்திரைகூட மறக்கறதில்ல. சாப்பிட்ட கையோட, என் கடையிலேருந்து சோயாப் பால் ஊத்தி ஸ்ட்ராங்கா ஒரு டீ. இரும்பு மாத்திரையும் அந்த டீயிலதான்!"

"அங்கதான் கெடுத்தீங்க! டீ இரும்பை உடம்புல சேர விடாது. ஒரு கையால ஊட்டி, மறு கையால பிடுங்கறீங்க."

டீக்கடைக்காரனிடமே டீயைப் பழித்தால்? அவன் முகம் சுருங்கியது.

"மேல கொட்டின கோபத்துல பேசறீங்க, மேடம்." விருட்டென்று எழுந்துவிட்டான்.

"சாப்பாட்டோட எலுமிச்சை, ஆரஞ்சு குடுங்க! டீயை ஒரு மணி நேரமாவது தள்ளி வைங்க!" என்று அவள் கதவு வரை வந்து கத்தினாள்.

அப்புறம்தான் வேடிக்கை. எத்தனை ஆண்கள் இப்படி எள்ளும் கீரையுமாகத் தேடித்தேடிச் சமைப்பார்கள் என்று மனசு வியந்துகொண்டே இருந்தது. 'சீ... அடுத்தவள் புருஷனைப் போய்!' என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். பாவம் பெண்!

அடுத்த மாதம் அந்தக் கர்ப்பிணி சிரித்துக்கொண்டே வந்தாள். இரும்பு ஏறியிருந்தது!

"வீம்பா எழுந்து போனாரே... மறுநாளே டீயை நிறுத்திட்டாரு எங்கண்ணன். கெஞ்சினாலும் எலுமிச்சை ஜூஸ்தான்! வெளியூர்ல இருக்கற என் வீட்டுக்காரரு போன்ல விழுந்து விழுந்து சிரிக்கறாரு. சூப்பா? மாமியாரே இப்பக் கொண்டைக்கடலை ஊறப் போடறாங்க!"

"அ... அண்ணனா?" அவள் காது மடல் சிவந்தது.

தங்கை கெட்டிக்காரி. மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டாள். கூட வந்திருந்த அண்ணன் மட்டும் கதவோரம் நின்றான்.

"மன்னிச்சுக்குங்க மேடம். கடைக்கு வர்ற கர்ப்பிணிங்ககிட்ட, சாப்பிட்ட கையோட டீ வேணாம்மான்னு இப்ப நானே சொல்றேன்."

"வியாபாரம்?"

"படுத்துடுச்சு."

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"இனி தங்கச்சி உங்க அறைக்கு வர வேண்டியதில்லையாம்," என்றான் மெல்ல. "நான்... எதைச் சொல்லிக்கிட்டு இங்க வர்றது?"

அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"என்னைப் பார்க்கத்தான் வந்தேன்னு சொல்லுங்க. வேற என்ன சொன்னாலும்... உங்க கண்ணு காட்டிக்குடுத்துடும்."