ஓட்டை வாளிக்கும் விளக்கு எரிந்தது

மறைப்பியின் குமிழ் திருகப்பட்ட அந்த நொடியில் ஆவுடையப்பனின் வாய் நிறையக் கருப்பட்டி மிட்டாய் இருந்தது. எல்லா வினையும் அதனால்தான்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று இடிப்பனுமதி அலுவலர் ரெஜினா வெளியே நின்று மூன்று தடவை கேட்டார். கேட்காமல், கட்டடத்தையே மறைய வைக்கும் மறைப்பியை முடுக்கினால் வேலை போய்விடும். பின்கட்டுக் கொட்டகைக்குள், ஆட்டுரலுக்குப் பின்னால் குந்தியிருந்த ஆவுடையப்பன் 'இருக்கேன்' என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் ரெஜினாவின் பக்கத்தில் ஆவுடையப்பனின் மனைவி செண்பகவல்லி நின்றாள். அவருக்கு இருக்கும் சர்க்கரையை எடுத்து ஒரு கல்யாணத்துக்கே பாயசம் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிட்டாய் டப்பாவைக் கொட்டகையில் ஒளித்திருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

போதாததற்கு, காலையில்தான் ஒரு சபதம் வேறு. கொட்டகையை இடித்துவிட்டு அங்கே பறவைவண்டி இறங்க மேடை கட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. துணி காயப்போடக் கொடி கட்ட வேறு இடமில்லை என்பது அவள் கட்சி. "அனுமதிச் சீட்டு கையில வார வரைக்கும் இந்த வீட்ல நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்!" என்று கத்திவிட்டு அறைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டவர், மறு வாசல் வழியாக மிட்டாயைக் காப்பாற்றக் கொட்டகைக்கு வந்திருந்தார்.

பேசினால் சபதம் போகும். வாயைத் திறந்தால் மிட்டாய் தெரியும். பேசாமல் இருந்தார்.

டொப் என்று ஒரு சத்தம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கொட்டகை இல்லை. வெறும் தரை. அதன் நடுவே ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பலகை. அதுதான் ஏக்கமானி.

அந்தக் காலத்தில் எந்தக் கட்டடத்தையும் எடுத்த எடுப்பில் இடித்துவிட முடியாது. முதலில் அது மூன்று நாள் மறைந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இடித்துவிட்டு அழுத ஊர்கள் அநேகம். ஓர் ஊரில் பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்த மறுநாள் அடையாளம் தெரியாமல் ஜனங்கள் திக்குக்கு ஒருவராய் அலைந்தார்கள். ஒரு மாப்பிள்ளை வேறு மண்டபத்துக்குப் போய்த் தாலியே கட்டிவிட்டார். அதன் பிறகு வந்த சட்டம் இது. ஆட்சேபம் இருந்தால் யாரும் எழுதித் தர வேண்டாம். 'அடடா, இங்கே இருந்ததே, காணோமே' என்று ஒரு நெஞ்சு துணுக்குற்றால் போதும், ஏக்கமானி உணர்ந்துகொள்ளும். உரிய விளக்கு எரியும். மூன்று நாள் முடிந்ததும் கட்டடம் திரும்பி வரும்.

கட்டடத்துக்கு மட்டுமல்ல, உள்ளே கிடக்கும் ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனி விளக்கு. யாருமே ஏங்காத பொருளை மறைப்பி திருப்பித் தராது. அது எங்கே போகிறது என்று பார்த்துவர ஒரு விஞ்ஞானி உள்ளே போனார், இன்னும் வரவில்லை. அவருடைய குடும்பத்தைப் பற்றி இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம்.

விண்ணப்பம் கொடுத்த அன்றைக்கு ரெஜினா இதையெல்லாம் விளக்கியபோது ஆவுடையப்பன் கையைத் தட்டிச் சிரித்தார். "நல்லதாப் போச்சும்மா! குப்பையெல்லாம் செலவில்லாம ஒழியும்லா!"

"இன்னொண்ணு சார். யாரு ஏங்குறாங்களோ அவங்கதான் அதைப் பராமரிக்கணும். இல்லேன்னா சும்மா போற வாறவங்கெல்லாம் ஏங்கிட்டுப் போயிருவாங்க."

"ரொம்பச் சரி" என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

இப்போது கொட்டகைக்குள்ளிருந்து கத்தினார். சபதம், மிட்டாய் இரண்டையும் துப்பிவிட்டுக் கத்தினார். வெளியே நடப்பதெல்லாம் அவருக்குக் கண்ணாடிபோலத் தெரிந்தது, கேட்டது. அவர் சத்தம் மட்டும் ஒரு கொசுவின் காதுக்கும் எட்டவில்லை. உள்ளே பசியில்லை, தாகமில்லை. உடம்பின் ஓட்டத்தை மறைப்பி நிறுத்திவிடும். மனசின் ஓட்டத்தை நிறுத்த மட்டும் இன்னும் ஒருவரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

ஏக்கமானியின் பலகையைப் படித்தார். கொட்டகை. கிழக்கு மூலை. ஆட்டுரல். முறுக்கு உரல். ஓட்டை வாளி. கடைசி வரியில்: 'வகை தெரியாத உருப்படி, பழையது.'

அது யார் என்று புரிந்தபோது அவருக்கு மயிர்க்கால் சிலிர்த்தது.

முதல் நாளே செண்பகவல்லி ஈரத்துணியோடு வந்து நின்று, "கொடிய எதுல கட்டுவேன்?" என்று பெருமூச்சு விட்டாள். கொட்டகைக்கு விளக்கு எரிந்தது. தெருக்கோழி ஒன்று முட்டையிட வந்து, கிழக்கு மூலையைக் காணாமல் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி ஒப்பாரி வைத்தது. இன்னொரு விளக்கு. கோழியின் ஏக்கமும் ஏக்கமே என்று முன்பே தீர்ப்பு உண்டு. செண்பகவல்லி தேடத் தேட முறுக்கு உரலுக்கு எரிந்தது. ஆட்டுரலுக்கு எரிந்தது. இரண்டாம் நாள், "ரோஜாச் செடிக்குத் தண்ணி சொட்டுச் சொட்டா விழுமே, அந்த ஓட்டை வாளிய எங்க?" என்று அவள் தேடியதும், வாளிக்குப் பளிச்சென்று எரிந்தது.

"ஓட்டை வாளிக்கா!" என்று அலறினார் ஆவுடையப்பன். "அடியே, நான் உள்ள இருக்கேன்!"

அவள் அடுக்களையில் நின்று மகளோடு தொலைமுகத்தில் பேசினாள். "அப்பாவா? அறைக்குள்ளதான். பேச மாட்டாகளாம். வேளாவேளைக்குத் தட்டைக் கதவுகிட்ட வச்சிருதேன். கோவம் கோவம்தான், சாப்பாட்டுல குறையில்ல. இன்னைக்குத் தட்டைக் கழுவியே வச்சிருக்காக! கல்யாணமாகி இத்தனை வருசத்துல இப்பதான்!"

பக்கத்தில் அவர்கள் வீட்டுப் பூனை மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் கன்றுக்குட்டி கனம் ஏறியிருந்தது.

மூன்றாம் நாள் மாலை ரெஜினா வந்து மறைப்பியைத் திறக்க ஆயத்தமானார். கடைசி விளக்கு எரியவில்லை. ஆவுடையப்பன் ஆட்டுரலின்மேல் உட்கார்ந்துவிட்டார். கத்துவதற்கும் தெம்பில்லை.

அப்போது பக்கத்து வீட்டு மாசானமுத்து, தூத்துக்குடியில் மகன் வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்து இறங்கினார். இரண்டு பேருக்கும் மதில் ஓரத்து முருங்கை மரத்தை வைத்துப் பல வருடச் சண்டை. தினமும் காலையில் ஆவுடையப்பன் சருகைப் பெருக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் தள்ளுவார்; மாசானமுத்து அதைத் திருப்பிக் கொட்டுவார்; பிறகு இருவரும் பரம்பரையை இழுத்துத் திட்டிக்கொள்வார்கள். அதற்கப்புறம்தான் காப்பி.

மாசானமுத்து மதிலுக்குமேல் தலையை நீட்டினார். தன் முற்றம் சுத்தமாக இருந்தது. சருகெல்லாம் ஆவுடையப்பன் பக்கமே குவிந்து கிடந்தது.

"வேய் ஆவுடையப்பன்!" என்று கூப்பிட்டார். பதிலில்லை. "ஓய்! மூணு நாளா மரத்தைக் கவனிக்க நாதியில்லையா? என்ன சீமான்வே நீரு?"

தொண்டையைச் செருமினார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். "எங்க போய்த் தொலைஞ்சாரு இந்த மனுசன்?" என்றார், குரல் இறங்கி.

கடைசி விளக்கு எரிந்தது.

ரெஜினா குமிழைத் திருகினார். டொப். கொட்டகை வந்து நின்றது. உள்ளேயிருந்து ஆவுடையப்பன் தள்ளாடி வெளியே வர, செண்பகவல்லி "அய்யோ!" என்று கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே போட்டாள். "நீங்க அறையிலல்லா இருந்தீக!"

"மூணு நாளு! ஓட்டை வாளியத் தேடத் தெரிஞ்சுது. என்னைத் தேடினியாட்டீ?"

"வாளி இல்லன்னு தெரிஞ்சுது, தேடினேன். நீங்க உள்ளதான் இருக்கீகன்னு நெனச்சேன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இருக்க ஆளை யாராவது தேடுவாகளா?"

இத்தனை வருடத்தில் முதல் முறையாக, யாரும் சொல்லாமலே, அவர் குனிந்து அவள் போட்ட துணியை எடுத்துக் கொடுத்தார்.

ரெஜினாவும் வெலவெலத்துத்தான் போயிருந்தார். ஆனாலும் சட்டம் சட்டம். ஆணையை வாசித்தார். "இடிக்க அனுமதி இல்லை. பராமரிப்பு: கொட்டகை, ஆட்டுரல், முறுக்கு உரல், வாளி, திருமதி செண்பகவல்லி. கிழக்கு மூலை, கோழி. வகை தெரியாத உருப்படி ஒன்று..." நிமிர்ந்து மதிலைப் பார்த்தார். "மாசானமுத்து சார், நீங்க."

"நானா?" மாசானமுத்து மதிலைப் பிடித்துக்கொண்டார். "நான் எங்கம்மா ஏங்கினேன்? சண்டை போடல்லா தேடினேன்!"

"மானிக்கு அதெல்லாம் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது சார்."

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வரும்போது தலையணையும் மாத்திரை டப்பாவும் கையில் இருந்தன. மதிலின்மேல் வைத்தாள்.

"காலைல ஆறு மணிக்குச் சீனி இல்லாத காப்பி அண்ணாச்சி. கொஞ்சம் பிந்தினாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் பேச மாட்டாக."

"பேச மாட்டாரா?" மாசானமுத்து திடுக்கிட்டார். "எத்தனை நாளைக்கு?"

"அது அவுக இஷ்டம்."

மாசானமுத்து சருகுக் குவியலைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார். "அப்போ காலைல நான் யாருகூட..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

கம்பத்தில் ரெஜினா அணைத்துவைத்த கடைசி விளக்கு மறுபடி எரிந்தது.

ரெஜினா மூடிய பேனாவைத் திறந்தார். "ரெண்டாவது ஆட்சேபம். இனி மேல்முறையீடும் கிடையாது சார்."