உள்பக்கத் துரு

மார்புக் கவசத்தின் உள்பக்கத்தில் ஒரு கை பதிந்திருந்தது. விரல் விரலாக, ரேகை ரேகையாக, செம்மஞ்சள் துருவில்.

முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த இடத்தை அவள் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மெல்லிய ஸ்டீல் வூல் கம்பிநாரால் தேய்த்து, ஹேர் டிரையரால் சூடு காட்டி, சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து, மேலே மெழுகு பூசியிருந்தாள். எஃகில் வெறுங்கை பட்டால் வேர்வையின் உப்பு ஒட்டிக்கொள்ளும். பட்ட இடத்தில் ரேகையே துருவாக முளைத்துவிடும். அவள் தொழிலில் இது அரிச்சுவடி. கையுறை இல்லாமல் அந்தப் பட்டறையில் ஓர் ஆணியைக்கூட அவள் தொடுவதில்லை.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம்.

வீட்டை ஒட்டியிருந்த அந்தப் பட்டறை அப்பா விட்டுப்போனது. பழைய உலோகச் சாமான்களைத் துருவெடுத்து மீட்டுத் தரும் வேலை. வேலை முழுக்க அவளுடையது. வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை அண்ணனுடையது. வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவதும், முடித்து வைத்ததை வெறுங்கையால் தட்டி "கணீர்னு இருக்கா சார்?" என்று கேட்பதும் அவன் பங்கு.

"அண்ணா, கவசத்துக்குள்ள கைய விட்டியா?"

அவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு வேற வேலை இல்ல பாரு. நீயே கையுறையக் கழட்டிட்டுத் தொட்டிருப்ப. மறந்திருப்ப."

மறந்திருப்பாளாம். புருஷன் வேண்டாமென்று அவள் திரும்பி வந்த நாளிலிருந்து, வீட்டில் எது உடைந்தாலும் எது காணாமல் போனாலும் இந்த ஒரே பதில்தான். அவளுக்கு மனசு சரியில்ல. அண்ணி அதைப் பரிவோடு சொல்வாள். அண்ணன் அலுப்போடு சொல்வான். இரண்டும் ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மறுபடி தேய்த்தாள். துருத்தூள் மூக்கில் ஏறி நாக்கில் இறங்கியது. உதடு கிழிந்தால் வருகிற அதே ருசி.

துருவெடுக்கக் கொடுத்திருந்த அந்தப் பழைய முழுவுடல் எஃகுக் கவசத்தின் சொந்தக்காரர் வேலையைப் பார்க்க வந்தார். நரைத்த தலை, அதிர்ந்து பேசாத மனிதர். அவர் முன்னால் அவள் தலைக்கவசத்தைத் திருப்பிக் காட்டியபோது முகத்தகட்டின் உள்பக்கத்தில், வாய் வருகிற இடத்தில், வட்டமாக ஒரு துருக்கறை இருந்தது. காலையில் அது இல்லை. குளிர்ந்த கண்ணாடியில் யாரோ ஊதினால் படியுமே, அந்த வடிவம்.

"தங்கச்சிதான் வேலை பாக்குறா சார்" என்று அண்ணன் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினான், அவள் காதிலும் விழும் அளவுக்கு. "கொஞ்ச நாளா அவளுக்கு மனசு சரியில்ல. இனிமே நானே பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்."

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

ஆனால் அந்த மனிதர் அண்ணனைப் பார்க்கவில்லை. "உள்ளயாம்மா? வெளிப்பக்கம் ஒண்ணும் இல்லையா?" என்று அவளைக் கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள். அவர் ஓரடி பின்னால் போனார். "அவசரமில்ல. இங்கயே இருக்கட்டும். நானா வந்து கேக்குற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்." குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு முடிவு செய்தாள். கவசம் முழுவதையும் தாங்கியில் மாட்டினாள். மார்பையும் முதுகையும் சேர்த்து வார் போட்டு இறுக்கினாள். கழுத்துத் துவாரத்தின் மேல் தலைக்கவசத்தை வைத்தாள். சுற்றிலும் கனத்த பிளாஸ்டிக் உறை போட்டு, விளிம்புகளை ஒட்டி, உள்ளே காலடியில் ஒரு கிண்ணம் நிறைய ஈரம் உறிஞ்சும் மணிகளை வைத்தாள். காய்ந்திருந்தால் நீலமாக இருக்கும். ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகிவிடும். கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். இனி எவன் வந்து என்ன சொல்கிறான் பார்ப்போம்.

மறுநாள் திறந்தபோது பூட்டு அப்படியே இருந்தது. ஒட்டு பிரியவில்லை. ஆனால் பிளாஸ்டிக் உறை உள்ளே வேர்த்திருந்தது, ஆள் படுத்து எழுந்த கூடாரம்போல. நீர்முத்துகள் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தன. கிண்ணத்து மணிகள் அத்தனையும் ரோஸ்.

வார்களை அவிழ்த்து மார்புத் தகட்டைத் திருப்பினாள். உள்ளே கைகள். ஒன்றின்மேல் ஒன்றாக, இடமில்லாமல், வயிற்றிலிருந்து கழுத்துவரைக்கும். கழுத்துத் துவாரம் வழியாக யாராவது கையை விட்டிருந்தால் விரல்கள் கீழே பார்த்திருக்க வேண்டும். இவை மேலே பார்த்தன. உள்ளே நின்றுகொண்டு வெளியே தள்ளுகிறவனின் கைகள்.

தகட்டை மேசையில் வைத்தாள். ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததுதானே? அந்தப் பதிலை நினைத்ததும் பயத்தின் மேல் கோபம் கொதித்து வழிந்தது. அவன் பார்க்கட்டும். அவன் கண்ணாலேயே பார்க்கட்டும்.

அண்ணன் வெளியே போயிருந்தான். நாள் முழுக்க அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் பட்டறை அமைதியாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டு வானம் சீக்கிரமே இருட்டிய நேரத்தில் அவன் வந்தான்.

"வா. வந்து பாரு. இதையும் நான்தான் பண்ணேனா?"

அவன் குனிந்து பார்த்தான். ஒரு கணம் முகம் மாறியதோ என்று தோன்றியது. பிறகு சிரித்துவிட்டான். "அப்ப உள்ள பேய் இருக்குங்கறியா? நாளைக்கே உன்ன ஒரு நல்ல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்."

"தொடாத. தொடாதன்னு சொல்றேன்ல?"

"சும்மா இரு." வெறுங்கையால் தலைக்கவசத்தைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். "எப்படி? ராஜா மாதிரி இருக்கேனா?"

முகத்தகடு விழுந்தது. யாரும் தள்ளவில்லை. டப்பென்று.

உள்ளிருந்து சிரிப்பு மங்கலாகக் கேட்டது. அப்புறம் இருமல். "இதத் திற. மாட்டிக்கிச்சு."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏய், திறடி. மூச்சு முட்டுது."

அந்தத் தகட்டின் கொக்கி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கட்டைவிரலால் ஒரு அழுத்து. அவ்வளவுதான். ஆனால் சொந்தக்காரர் முன்னால் தாழ்த்திய அந்தக் குரல் இன்னும் காதில் சுட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கிடக்கட்டும். கொஞ்ச நேரம்தானே.

அவன் தலைக்கவசத்தைத் தட்டினான். உள்ளங்கையால். பிறகு முஷ்டியால்.

"உள்ள..." என்றான். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "உள்ள யாரோ மூச்சு விடறாங்க."

அவள் கை தானாக அவிழ்ந்தது.

"என் வாயில. என் வாய்க்குள்ள விடறாங்க."

பாய்ந்தாள். கொக்கி அசையவில்லை. அழுத்தினாள். கையுறை வழுக்கியது. பல்லால் அதைக் கடித்து இழுத்து எறிந்தாள். வெறுங்கை. எஃகு சுட்டது. காய்ச்சல் உடம்புபோல. தட்டல் நின்றுவிட்டது.

"அண்ணா?"

மழைச் சத்தம் மட்டும்.

"அண்ணா, பேசு. அண்ணா!"

கொக்கி விட்டது. தகட்டைத் தூக்கினாள்.

முகம் இல்லை.

சிவந்த துருத்தூள். நெற்றிவரைக்கும். ஒரு கணம் அது அவன் முகத்தின் வடிவத்திலேயே நின்றது, மூக்கும் உதடும் திறந்த வாயுமாக. பிறகு சரிந்தது. மெல்ல, சத்தமில்லாமல், விளிம்பு வழியாக அவன் சட்டையின் மேல் கொட்டியது. அவள் கைகளின் மேல் கொட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து அண்ணியின் குரல். "சண்டை போட்டது போதும். ரெண்டு பேரும் உள்ள வாங்க."

கொட்டி முடிந்தது. தலைக்கவசம் காலி. பின்தகடுவரை பார்க்க முடிந்தது. அவன் விழவில்லை. கழுத்துக்குக் கீழே எல்லாம் இருந்தது. சட்டை பட்டன்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, நிதானமாக, தூங்குகிறவனின் மார்புபோல.

அப்புறம் அவன் வலது கை உயர்ந்தது. தயங்காமல் முகத்தகட்டைத் தேடிப் பிடித்தது. கீழே இழுத்து மூடிக்கொண்டது.