உம் கொட்டியவள்

பதிவில் யாரோ உம் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

பழங்கதை சார் ஒலிப்பதிவை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டார். போன வாரம் நூலக மாடியில் அவர் பேசிய பேச்சு அது. நாற்காலிகள் இழுபடும் சத்தம், மின்விசிறியின் கிரீச், முன்வரிசையில் யாரோ ஒரு பெரியவரின் இருமல், அதற்கெல்லாம் மேலே அவருடைய குரல், அவருக்கே ரொம்பப் பிடித்துப்போன அவருடைய குரல், ஐஸ் கம்பெனியின் குளிர் அறைக்குள் கதையில் வரும் சிறுமியை மெல்ல மெல்ல அழைத்துப் போய்க்கொண்டிருந்தது. கதை முடியப்போகும் கட்டத்தில், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் மூச்சு வாங்கும் இடத்தில், மைக்குக்கும் அவர் வாய்க்கும் இடையில் யாரோ உட்கார்ந்திருப்பதைப்போல வெகு அருகில் கேட்டது. "ம்." அடுத்த வாக்கியம். "ம்."

படுத்துக்கொண்டு கதை கேட்கும் பிள்ளைகள் கொட்டும் உம்தான். அவர் மகள் சின்னவளாக இருந்தபோது இப்படித்தான் கொட்டுவாள். உம் வரும்வரை கதை போகும், உம் நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று விளக்கை அணைக்கலாம். கூட்டங்களில்கூட அவர் அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். "உம் கொட்டினாத்தான் கதை. இல்லன்னா மூட்டையைக் கட்டிட்டுக் கிளம்பிடுவேன்." எல்லோரும் சிரிப்பார்கள். யாரோ ஒரு குழந்தை அதை நிஜமென்று நம்பிவிட்டது போலிருக்கிறது. அன்றைக்கு மாடியில் குழந்தை எதையும் பார்த்த ஞாபகம் அவருக்கு இல்லை. இருந்தாலும் மனசுக்குள் கொஞ்சம் பூரிப்பாகத்தான் இருந்தது.

எழுந்து அறையைவிட்டு வெளியே போகக் கதவின் கைப்பிடியைத் தொட்டபோது, அது சில்லென்று இருந்தது. வெளியே வெயில் தீயாய் எரிந்துகொண்டிருந்தது.

ஊரில் அவருக்குப் பழங்கதை என்று பேர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், ஊர் மறந்துபோன சங்கதிகளைத் தோண்டி எடுத்து, கூட்டம் போட்டுச் சொல்வதையே பிழைப்பாக வைத்துக்கொண்டார். பழைய பாலம், இடித்துப்போட்ட கொட்டகை, மூடிய கிணறு என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தார். வந்த நாலு பேரும் கொட்டாவி விட்டார்கள். பிறகுதான் ஐஸ் கம்பெனி கிடைத்தது. அந்த ஒரே கதை அவரைத் தூக்கி நிறுத்திவிட்டது. இப்போது அவர் வீதியில் நடந்தால் திரும்பிப் பார்க்கிறார்கள், நாளைக்கு ரேடியோவில் பேட்டி, ஊர் முழுக்கக் கேட்கும்.

கதையைக் கொடுத்தவர் ஐஸ் கம்பெனியின் பழைய மெக்கானிக். அவர் சொன்னதென்னவோ கைக்குள் அடங்கும். "என் தங்கச்சி சார். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தா. நான் உள்ள இருக்கேன்னு நெனச்சுக் குளிர் ரூமுக்குள்ள போயிருக்கா, கதவு தானா சாத்திக்கிச்சு. எனக்கு அன்னிக்குக் காய்ச்சல், வேலைக்கே போகல. தூங்கின மாதிரிதான் கெடந்தா. கஷ்டப்படலன்னு டாக்டர் சொன்னாரு." அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தை எப்படி ஓட்டுவது? பழங்கதை அதற்குக் கண் காது மூக்கு வைத்தார். முதல் கூட்டத்தில் அவள் கதவைத் தட்டினாள். ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த கூட்டத்தில் அண்ணன்காரன் வெளியே சீட்டாடிக்கொண்டிருந்தான், தட்டுகிற சத்தம் கேட்டும் "இந்த ஆட்டம் முடியட்டும்" என்றான். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் அவள் நகங்கள் போயின. நூலக மாடியிலோ, அவள் கூப்பிடுவதற்காகக் கதவிடுக்கில் வாயை வைத்தாள், உறைந்த இரும்பில் உதடும் நாக்கும் ஒட்டிக்கொண்டன, அதற்கப்புறம் கத்தக்கூட முடியவில்லை. சபை கப்சிப். பிறகு எழுந்து நின்று கைதட்டினார்கள். நிஜமாகவே அப்படியா நடந்தது என்று கேட்டவர்களிடம் அவர் கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டினார்.

பதிவை மூன்றாவது தடவை கேட்டபோது ஒன்றைக் கவனித்தார். அந்த உம், அவள் உதடு ஒட்டிக்கொண்டதைச் சொன்ன இடத்திலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முன்னால் ஒரு சத்தமும் இல்லை.

மற்றப் பதிவுகளையும் எடுத்துப் போட்டுப் பார்த்தார். முதல் கூட்டத்தில், "தட்டினாள்" என்று அவர் சொன்னதுமே, மேசைக்கு அடியிலிருந்து வருவதுபோல மெல்லிய தட்டல். நகத்தைச் சொன்ன கூட்டத்தில் ஏதோ பிறாண்டும் சத்தம்.

"என்னங்க," என்று மனைவி எட்டிப் பார்த்தாள். "இந்த ரூம்ல ஏசி போட்டிருக்கீங்களா? இப்படிக் குளிருது."

"நம்ம வீட்ல ஏசி எங்க இருக்கு?"

அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியபடி போய்விட்டாள். அவருக்கும் அந்த வாடை தெரிந்தது. கண்ணைக் கரிக்கும் அம்மோனியா வாடை, ஐஸ் கம்பெனிகளில் அடிப்பது.

சாயங்காலம் மெக்கானிக் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், கையைத் தொடைகளுக்கு நடுவே திணித்துக்கொண்டார். பழங்கதை பழக்கதோஷத்தில் கைபேசியில் பதிவை அழுத்தி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அன்னிக்குக் காய்ச்சல்ல படுத்திருந்தேன் சார்," என்றார் மெக்கானிக். "அம்மா நெத்தியில ஈரத்துணி போட்டாங்க. இத்தனை வருஷமா அதுதான் ஞாபகம். இப்ப அது போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"சீட்டுதான் ஞாபகம் வருது. கையில என்ன சீட்டு இருந்துச்சுன்னுகூடச் சொல்லுவேன். அவ தட்டினா சார். எனக்குக் கேட்டுச்சு. இந்த ஆட்டம் முடியட்டும்னு நான்தான் சொன்னேன்." அவர் வாய் கோணியது. "நான் அப்படிப்பட்டவன் இல்ல சார். ஆனா சொல்லியிருக்கேன்."

"வயசானா மனசு இப்படித்தாங்க குழம்பும். கதைதானே, அதைப் போய்..."

"கதையா?" மெக்கானிக் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லச் சொல்ல அங்க நடக்குது சார். தூங்கிக் கெடந்தவளை எழுப்பி எழுப்பி உள்ள தள்றீங்க. நாளைக்கு ரேடியோல சொல்லிடுங்க. நானா சேர்த்ததுன்னு, அவ தூங்கத்தான் செஞ்சான்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா அது அப்படியே ஆயிடும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பழங்கதை சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அப்போது மனதாரத்தான் கொடுத்தார். மெக்கானிக் போகும்போது அறைக் கதவருகே நின்று, கைப்பிடியைத் தொட்டு, சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு கதவில் நெற்றியை வைத்து அழுதார். அவர் போனபின் பழங்கதை அறைக்குள் போய், யாருமில்லாத இடத்தைப் பார்த்து, "நாளைக்கு உண்மையைச் சொல்லிடறேன்மா," என்றார். உம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கைப்பிடி சாதாரணமாக இருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

ரேடியோ நிலையத்தின் ஒலிப்பதிவு அறைக்கு ஜன்னலே இல்லை. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். கதவு ஒரு சாண் கனம், சாத்தியதும் காதுக்குள் பொம்மென்று ஒரு அடைப்பு, அதோடு வெளி உலகம் செத்துப்போயிற்று. ஒரு பக்கம் தடித்த கண்ணாடி, அதற்கு அந்தப்புறம் ஒலிப்பதிவாளர். எதிரே பேட்டி எடுக்கும் பெண், துறுதுறுவென்ற கண்கள். நடுவில் இரும்பு வலை போட்ட மைக், அவர் காதில் ஹெட்போன். நேரடி ஒலிபரப்பு என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"அந்தக் குளிர் அறைக் கதை, சார். நேயர்கள் எல்லாம் அதுக்குத்தான் காத்திருக்காங்க."

"அது வந்து," என்று தொண்டையைச் செருமினார் பழங்கதை. "உண்மையில அந்தப் பொண்ணு கதவைத் தட்டவே இல்லம்மா. உள்ள போச்சு, கதவு சாத்திக்கிச்சு, தூங்கின மாதிரி..."

அவள் முகம் விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளரைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா சார்?"

அவருக்குச் சுருக்கென்றது. கொட்டாவி விட்ட அந்த நாலு பேரும் கண்முன் வந்து நின்றார்கள். "அப்படித்தான் நானும் நெனச்சிருந்தேன்," என்று அவர் வாய் தானாகச் சொன்னது. "நேத்து சாயங்காலம் வரைக்கும். நேத்து அந்த அண்ணனே என்னைத் தேடி வந்தார். கேளுங்க." கைபேசியை மைக் பக்கத்தில் வைத்து அழுத்தினார்.

அவ தட்டினா சார். எனக்குக் கேட்டுச்சு.

பேட்டிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் திரண்டதைப் பார்த்ததும் பழங்கதைக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. குரலைத் தாழ்த்தினார். அந்தக் கதவை, அந்த இரும்பை, அந்த உதட்டை விட்டுவிட்டு வர அவருக்கு மனமே வரவில்லை. விடிய விடிய அவளுக்கு உயிர் போகவில்லை என்று புதிதாக ஒன்றையும் சேர்த்தார். ஹெட்போனில், காதை ஒட்டி, இதுவரை கேட்டதிலேயே பலமாகக் கேட்டது.

"ம்."

பேட்டி முடிந்தது. "சார், டைரக்டர் உங்களைப் பார்த்தே ஆகணும்னாரு. கூட்டிட்டு வந்துடறேன், இங்கேயே இருங்க," என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. பொம்மென்று காது அடைத்தது.

சிவப்பு விளக்கு அணையவில்லை.

முதலில் வாடைதான் வந்தது. பிறகு, மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. எழுந்து கைப்பிடியைப் பிடித்தார். உள்ளங்கைத் தோல் அதில் கொஞ்சம் தங்கிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கைபேசியில் சீட்டாடிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஊர்ல," என்றது ஹெட்போனில் ஒரு சிறுமியின் குரல், "பழங்கதை சார்னு ஒருத்தர் இருந்தாராம்."

கழற்றி எறிந்தார். குரல் சுவரிலிருந்து வந்தது.

"அவர் இருந்த ரூம் கதவு சாத்திக்கிச்சாம்."

நிறுத்தினாள். அவர் நிறுத்துகிற அதே இடம். அதே அளவு.

"தட்டினாராம்."

தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும். கண்ணாடி அதிரக்கூட இல்லை.

"வெளிய இருந்தவருக்குக் கேட்டுச்சாம். இந்த ஆட்டம் முடியட்டும்னாராம்."

ஒலிப்பதிவாளர் தலையைத் திருப்பினார். பார்த்தார். திரும்பிக்கொண்டார். ஒரு சீட்டை இறக்கினார்.

"பிறாண்டினாராம். நகம் ஒண்ணு போச்சாம்."

போனது.

"இன்னொண்ணு."

மைக். மைக்கில் கத்தினால் ஊர் முழுக்கக் கேட்கும். பாய்ந்தார். இரண்டு கையாலும் பிடித்தார். வாயை அதன்மேல் வைத்தார். இரும்பு வலை. உறைந்த இரும்பு.

ஒட்டிக்கொண்டது.

உதடு. நாக்கு. இழுத்தார். ரத்தம் சூடாக முகவாயில் வழிந்து, பாதியில் உறைந்தது. காப்பாற்று என்றார். மன்னித்துவிடு என்றார். அவள் தூங்கத்தான் செய்தாள், நானாகச் சேர்த்தது, எல்லாமே நானாகச் சேர்த்தது என்றார். எதைச் சொன்னாலும் வெளியே வந்தது ஒரே சத்தம்தான்.

"ம்."

அப்போதுதான் புரிந்தது. பதிவில் இருந்தது கதை கேட்டவளின் உம் அல்ல. போதும் என்று அவள் கெஞ்சியிருக்கிறாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும்.

"உம் கொட்டுறீங்களே," என்றாள் அவள், சந்தோஷமாக. "அப்ப தூங்கல."

மூச்சைப் பிடித்தார். இனி ஒரு சத்தமும் கூடாது. உம் நின்றால் கதை நிற்கும். பல்லைக் கடித்தார். நெஞ்சு வெடித்தது. கண்ணீர் இமை ஓரத்தில் ஊசியாக உறைந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் இன்னொரு சீட்டு இறங்கியது.

"விடிய விடிய அவருக்கு உயிர் போகலையாம்," என்றாள்.

"ம்," என்றார் அவர். அடக்க முடியவில்லை.

"சரி. அடுத்து அவரோட கண்ணுக்கு வருவோம்."