ஐந்து நகல்கள்

"இங்க் திருடின்னு சொல்லிட்டாங்கக்கா. இன்னா ஆச்சுன்னு நீங்கதான் வந்து பாக்கணும்."

பாண்டி பஜார் மாடிக் கடையில் நின்றபடியே சொன்னாள் சீதா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். மயிலாப்பூரில் சந்திரிகா வீட்டோடு நடத்தும் தட்டச்சு நிலையத்தில் நான்கு வருடமாக வேலை. வெள்ளிக்கிழமை பிரிண்டர் மக்கர் பண்ணியது. 'இந்த கார்ட்ரிட்ஜைப் பயன்படுத்த முடியாது' என்றது திரை. நல்லதை விற்றுவிட்டுப் போலியை மாட்டிவிட்டாள் என்று இரண்டு தெரு கேட்கக் கத்தி அவளை வெளியே அனுப்பினாள் சந்திரிகா.

பிரிண்டர் பழுது பார்க்கும் ஜமீலுன்னிசா நிதானமாகக் கேட்டாள். "கடைசியா எப்ப ஒழுங்கா ஓடிச்சு?"

"திங்கக்கிழமை. எங்க சார், அந்தம்மா வீட்டுக்காரர், தவறி ரெண்டு மாசம் ஆவுது. அவரோட இறப்புச் சான்றிதழ், அஞ்சு காப்பி. நான்தான் போட்டுக் குடுத்தேன்."

உதவியாளர் தூபா துள்ளினாள். "ஆபா, டூப்ளிகேட் இங்க்தான் அது!"

"பாக்காமலே தீர்ப்பா? பையை எடு."

சந்திரிகா கதவைப் பாதிதான் திறந்தாள். "இவளை ஏன் அழைச்சுண்டு வந்தேள்? ஆத்துல மிச்சம் இருக்கறதையும் தூக்கிண்டு போகவா?"

சீதாவுக்குக் காது எரிந்தது. அவளை வேலைக்குச் சேர்த்த மனிதர் சுவரில் படமாக மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜமீலுன்னிசா கார்ட்ரிட்ஜைக் கழற்றி தூபாவிடம் கொடுத்தாள்.

"கனமா இருக்கே ஆபா! முக்கால்வாசி மை இருக்கு. 'தனியாக விற்பனைக்கு அல்ல'ன்னு சீட்டு வேற."

"அலமாரியில இருக்கற காலி அட்டைப்பெட்டியோட சீரியல் எண்ணைப் பாரு."

"ரெண்டும் ஒண்ணு."

"அப்ப மாத்தலை. இதை எந்தக் கடையில வாங்கினீங்கம்மா?"

"கடையா? மாசாமாசம் கூரியர்ல வரும். எல்லாம் அவர் ஏற்பாடு."

"அந்த அஞ்சு காப்பி?"

"செவ்வாய்க்கிழமை பேங்க்ல ஒண்ணு குடுத்தேன். அவர் கணக்கை முடிக்கறதுக்கு..." என்றாள் சந்திரிகா.

"சாரோட மெயிலைத் திறங்க."

இரண்டு மாதமாக யாரும் தொடாத பெட்டி. பிரிண்டர் கம்பெனியிடமிருந்து வியாழக்கிழமை வந்த கடிதம் மேலேயே இருந்தது. 'அன்புள்ள முத்துகிருஷ்ணன், உங்கள் கட்டணம் வந்து சேரவில்லை.'

"இந்த மையை நீங்க வாங்கலைம்மா. வாடகைக்குத்தான் இருக்கு," என்றாள் ஜமீலுன்னிசா. "சாரோட கணக்குலேர்ந்து மாசாமாசம் தானாப் போச்சு. சான்றிதழைப் பாத்ததும் பேங்க் நிறுத்திட்டாங்க. பணம் வரலைன்னதும் கம்பெனி அங்கிருந்தே நெட் வழியாப் பூட்டிட்டான். உள்ளே மை இருந்தா அவனுக்கென்ன?"

சந்திரிகா திரையில் இருந்த பெயரை விரலால் தொட்டாள். "அவர் இல்லைன்னு இந்த மெஷினுக்கும் நானேதான் சொன்னேனா?"

அவள் நிமிர்ந்து சீதாவைப் பார்த்தாள்.

"நாளைக்கு வந்துடு, சீதா."

"வர மாட்டேம்மா. ரெண்டு தெரு கேக்கச் சொன்னீங்க இல்ல? நான் திருடலைன்னு எழுதிக் குடுங்க. அடுத்த எடத்துல காட்டணும்."

சந்திரிகா பழக்கத்தில் பிரிண்டர் பக்கம் திரும்பினாள். பிறகு வெள்ளைத்தாளை இழுத்துக் கையாலேயே எழுதினாள். 'திருமதி முத்துகிருஷ்ணன்' என்று முடித்தாள், பேனா நின்றது. அதை அடிக்காமல், கீழே தன் பெயரையும் எழுதினாள்.

படியிறங்கும்போது தூபா கேட்டாள். "நம்ம கடையில காப்பி போட்டுத் தரேன்க்கா. எத்தனை வேணும்?"

"அஞ்சு," என்றாள் சீதா. சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.